வாரேன் என்று சொன்னது யார்?

பிரம்மநாயகியின் அலுவலகத்துக்கு வந்த மைதீன் பாத்திமா உட்காரவே இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறவள். நாளைக்குள் தன்மேல் தப்பில்லை என்று காட்டாவிட்டால் வேலை போய்விடும். இரண்டு மாதத்தில் மூன்று தடவை, சாயங்காலம் கடைசியாகப் பதிந்த முடிவு கணினியில் காணாமல் போயிருந்தது. மூன்று நாளும் அவள் முறைதான். மூன்றாவது, டெங்கு வந்த ஒரு குழந்தையின் முடிவு. அது பெற்றோர் கைக்குப் போகாததால் ஒரு நாள் தாமதமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தை இன்னும் தீவிர சிகிச்சையில் கிடந்தது.

"பதிஞ்சேன் மேடம். அல்லாஹ் அறிய பதிஞ்சேன்," என்றாள்.

நிலையத்தின் கணினியில் ஓடும் மென்பொருளை எழுதிக் கொடுத்த சிறு நிறுவனம் பிரம்மநாயகியுடையது. அவள் பாத்திமா சொன்னதை முழுதும் கேட்டாள். அவளிடம் வேலை பார்க்கும் செந்தில்முருகனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பாத்திமா முதலில் போன் செய்த அன்றே, மிஷின் பொய் சொல்லாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டவன் அவன்.

பிரம்மநாயகியும் செந்திலும் நிலையத்துக்குப் போனார்கள். செந்தில் பாத்திமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் அவளை நிறுத்தச் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொண்டான். இருபது தடவை மூடித் திறந்தும் ஒரு முடிவும் தொலையவில்லை. அவனுக்கு ஏகப்பட்ட திருப்தி.

பிரம்மநாயகி கணினிப் பக்கமே போகவில்லை. மற்ற முறை பார்க்கும் ஐயம்பெருமாளிடம் சாயங்காலம் என்ன செய்வார் என்று விசாரித்தாள். கடைசி முடிவைப் பதிந்துவிட்டு, ஒரு டீ குடித்து வந்து கணினியை மூடுவாராம். பாத்திமாவோ மேலப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள். பதிந்த கையோடு மூடிவிடுவாள்.

மறுநாள் காலை பிரம்மநாயகி செந்திலைக் கூப்பிட்டு, கணினி தானாக எழுதிவைக்கும் குறிப்புகளைத் திரையில் காட்டினாள். நல்ல நாட்களில் மூன்று வரி: 'வாரேன்', 'முடிஞ்சுது', 'கோப்பு மூடியாச்சு'. தொலைந்த மூன்று நாட்களிலும் நடுவரி இல்லை.

அந்த ப்ரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட், அதாவது தனித்தனியாக நடக்கும் இரண்டு வேலைகள், ஓடுகின்றன. முடிவுகளைக் கோப்பில் எழுதும் த்ரெட்டை, இப்போது வேறு வேலைக்குப் போய்விட்ட உவரிக்காரன் பெனோ செய்தான். மூடச் சொன்னதும் எழுதும் த்ரெட்டை நிறுத்தச் சொல்லி, அதன் பதில் வந்ததும் கோப்பை மூடுகிற த்ரெட் செந்திலுடையது.

"இதுல 'வாரேன்'னா என்ன செந்திலு?"

"கெளம்பும்போது சொல்லுததுதானக்கா. போயிட்டு வாரேன்னு. அது வந்ததும் கோப்ப மூடிருவேன்."

"பெனோகிட்ட கேட்டேன். அவன் எழுதுன 'வாரேன்' அது இல்ல. வீட்டுல அம்ம கூப்பிட்டா உள்ள இருந்து சொல்லுவோம்லா, அது. கையில வேலை கெடக்கு, முடிச்சிட்டு வாரேன்னு அர்த்தம்."

செந்தில் நடுவரி இல்லாத நாட்களைத் திரையில் திரும்பப் பார்த்தான்.

"அது போயிட்டுன்னு நெனச்சு நீ கதவ பூட்டிட்ட. அது உள்ள எழுதிக்கிட்டு இருந்திருக்கு. டீ குடிச்சிட்டு மூடுனா அதுக்குள்ள எழுதி முடிச்சிரும். நீ நேரம் குறிச்சியே, அந்த எடவெளியும் போதும். உடனே மூடுதவளுக்குத்தான் தொலையும்."

சந்தேகம் மிச்சம் வைக்காமல், எழுதும் த்ரெட்டை வேண்டுமென்றே இரண்டு விநாடி தாமதப்படுத்திக் காட்டினாள். பத்துக்குப் பத்தும் தொலைந்தது. இனி 'வாரேன்' என்ற சொல்லை நம்பாமல், எழுதும் த்ரெட் உண்மையிலேயே முடியும்வரை காத்திருக்கும்படி செந்தில் ஒரு வரியை மாற்றினான். ஒரே வரிதான்.

அன்றே நிலையத்துக்குப் போய், தப்பு தன்னுடையது என்று முதலாளி முன்னால் சொன்னான். பாத்திமாவின் வேலை தப்பியது. அவள் சிரிக்கவில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இன்னும் கண் திறக்கவில்லை என்றார்கள்.

"அன்னைக்கே சொன்னேன்லா அண்ணே," என்றாள். "மிஷின் சொன்னதத்தான் கேப்பேன்னுட்டிய."

மிஷின் சொன்னதையும் தான் சரியாகக் கேட்கவில்லை என்று அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.