கல்மாவு இதயம்

நெகிழிதயம் என்ற ரப்பர் இதயத்துக்கு அந்த ஆண்டு ஒன்பது லட்சம் பேர் பதிவு செய்து காத்திருந்தார்கள். பொன்னரசுவின் முறை வர ஏழு ஆண்டுகள் ஆகும். அவனுடைய சொந்த இதயம் ஏழு மாதம்கூடத் தாங்காது என்றார் டாக்டர் ரெஹானா.

அந்த ரப்பரில் கலக்கும் கல்மாவை அரைக்கிற கரூர்ப் பக்கத்து ஆலையில் வேலைக்குச் சேர்ந்தால், குடும்பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்தில் இதயம் கிடைக்கும். அவன் மனைவி தெய்வானை மறுநாளே எட்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வெறும் சிலிகான் ரப்பர் இழுத்தால் அல்வா மாதிரி பிய்ந்துவிடும். குவார்ட்ஸ் என்ற வெண்கல்லை மாவினும் மெல்லிசாக அரைத்துக் கலந்தால், துகள்கள் ரப்பரின் இழைகளைப் பற்றிக்கொள்ளும். பிறகு நூற்றைம்பது கோடித் துடிப்புக்கும் கிழியாது.

"முகமூடி போட்டுக்கிறியா?" என்று கேட்டான் பொன்னரசு.

"போட்டா மூச்சு முட்டுதுங்க. அரைக்கிற அளவு குறைஞ்சா உங்க பேரைப் பின்னால தள்ளிருவாங்க."

இதயம் வந்தது. பொன்னரசு மாடிப்படிகளைத் தாவி ஏறினான். ஆறாம் வருடம் அதே படிகளில் தெய்வானையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

டாக்டர் ரெஹானா எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். "நுரையீரல் பூரா கல்தூள். இறுகிப் போச்சு."

"மாத்து நுரையீரல் வைக்கலாங்களா?"

"இதயம் ஒரு பம்பு, செஞ்சுட்டோம். நுரையீரல் இன்னும் யாராலயும் முடியல."

"எனக்குள்ள இருக்கிறதும் இதே தூள்தானுங்களே?"

டாக்டர் தலையசைத்தார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் தெய்வானை மூச்சுக்குத் தவித்துத் தவித்து அடங்கினாள். பொன்னரசு வாய்விட்டுக் கதறினான். இதயம் மட்டும் நிமிடத்துக்கு எழுபத்திரண்டு என்று துடித்துக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் மருத்துவமனைக்குப் போனான். "இதை நிறுத்திருங்க டாக்டர்."

"சட்டத்துல இடமில்ல, பொன்னரசு. இன்னும் முப்பத்திநாலு வருஷத்துக்கு உங்களுக்குப் பயமில்ல." ஆறுதலாகத்தான் சொன்னார்.

வெளியே நடைகூடத்தில் ஒரு பெண் அவனை மறித்தாள். கையில் ஆலையின் விண்ணப்பம். பக்கத்தில் சக்கர நாற்காலியில் உதடு நீலம் பாரித்த கணவன்.

"அண்ணா, உங்களுக்கு வெச்சுட்டாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. ஆலையில சேர்ந்தா நெசமாவே மூணு மாசத்துல கெடைச்சிருங்களா?"

தெய்வானையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். நாற்காலிக்காரன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெடைச்சிரும்மா" என்றான் பொன்னரசு.