ஒலிக்கு முன்னால் விழும் நிழல்

சமையலறையில் தங்கை தட்டைக் கீழே போட்டாள். அந்தச் சத்தம் அக்காவுக்கு ஒரு நொடி முன்பே, மெலிதாக, ஒருமுறை கேட்டுவிட்டிருந்தது.

ஒலிப்பதிவு நாடாவில் என்றால் அதற்குக் காரணம் உண்டு. மின்னிசை பிறந்த புதிதில், மின்கருவிகள் எழுப்பிய ரீங்காரத்தைப் பதிந்து, நாடாவை பிளேடால் நறுக்கி ஒட்டி யாரோ செய்த இசைச் சுருள் ஒன்று அக்காவிடம் வந்திருந்தது. அதைப் புதுப்பிப்பது அவள் வேலை. காந்தநாடா வருடக்கணக்கில் சுருண்டே கிடந்தால், ஒரு சுற்றின் ஒலி பக்கத்துச் சுற்றிலும் லேசாக ஒட்டிக்கொள்ளும். நாதம் எழுமுன்பே அதன் நிழல் கேட்கும். ஆனால் வீடு நாடா இல்லையே. அந்தச் சுருள் வந்ததிலிருந்து கதவும் குழாயும் செருப்பும்கூட இருமுறை கேட்டன.

சிறு சத்தமும் ஊசியாய்க் குத்தும் காது அவளுக்கு. கண்ணை மூடி, வரும் ஒலியை இன்னதென்று அறிந்து, போகவிடச் சொல்லியிருந்தார் மருத்துவர். மாலையில் அப்படி உட்கார்ந்தாள். குளிர்பெட்டியின் முனகல். மின்விசிறியின் கரகரப்பு. சன்னலை உரசும் ஈர இலை. அவற்றுக்கெல்லாம் அடியில், தலையணைக்குள் அமுக்கியதுபோல், தங்கையின் அலறல்.

ஓடினாள். தங்கை தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு?"

சொன்னாள், நாடாவின் கதையோடு சேர்த்து.

"பேய் வந்தாலும் நீ பாடம் எடுப்ப. அது கொட்டாவி விட்டுட்டே ஓடிடும்."

"சிரிக்காதடி. எம் பின்னாடியே உக்காரு. எங்கயும் போகாத."

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வழி ஒன்று இருந்தது. கடைசி நுனி வெளியே வரும்படி நாடாவைச் சுற்றி வைத்தால், நிழல் முன்னால் விழாது. வேகமாகச் சுற்றும்போது எழும் கிறீச்சிடலை அவள் காது தாங்காது. காதடைப்பானை இறுக்கிக்கொண்டு நாடாக் கருவியைப் பார்த்து உட்கார்ந்தாள். சக்கரங்கள் சுழன்றன. உள்ளே தன் ரத்தத்தின் இரைச்சல் மட்டும். தரையில் ஓர் அதிர்வு. இன்னொன்று. பிறகு இல்லை.

நாடா முடிந்தது. காதடைப்பானைக் கழற்றினாள். மேசையைத் தட்டினாள். முன்னால் எதுவும் கேட்கவில்லை. தட்டிய பிறகுதான், மெலிதாக, இன்னொரு தட்டல்.

"சரியாயிடுச்சுடி," என்றாள், திரும்பாமல்.



பிடரிக்குப் பின்னால், மிக அருகில், தலையணைக்குள் அமுக்கியதுபோல், அதே அலறல்.

நிழல் இப்போது ஒலிக்குப் பின்னால்தான் விழுகிறது.