பின்னால் வந்த கை

கரையேறி, எல்லோரும் கைகளை விட்டுவிட்டு செல்ஃபி எடுக்கத் தொடங்கிய பிறகுதான் சியாமளாவுக்கு அது உறைத்தது. வரிசையில் கடைசி ஆள் அவள்தான். அப்படியானால் ஓடையைக் கடந்து முடியும்வரை அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தது யார்?

ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை. தளேகாவ் தாண்டி, மலைக்குள் இருக்கும் அந்த அருவிக்குப் புனேயில் பாதி ஊர் திரண்டு வந்திருந்தது. பஜ்ஜிக் கடைகளின் எண்ணெய்ப் புகையும், ஆளுக்கொன்றாய் அலறும் ஸ்பீக்கர்களும், பாறையில் விழுந்து தூளாகும் தண்ணீரின் இரைச்சலும் ஒன்றாய்க் குழம்பிக் கிடந்தன. அருவிக்குக் கீழே ஓடையைக் கடக்க ட்ரெக்கிங் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் கைகோத்துச் சங்கிலியாக நடக்க வேண்டும். "ஹாத் ஸோடு நகா! மாகே பகூ நகா!" என்று குழுத் தலைவர் கத்திக்கொண்டே இருப்பார். கையை விடாதே, பின்னால் பார்க்காதே. பார்த்தால் கால் வழுக்கும். சியாமளா சொன்ன பேச்சைக் கேட்கிறவள். பார்க்கவில்லை.

"என்னங்க, எனக்குப் பின்னாடி யாருங்க வந்தா?"

"உனக்குப் பின்னாடி மழைதான் வந்துச்சு. நீதான கடைசி!" கணவன் மனோஜ் சிரித்தான். அவனுடைய ஆபீஸ் கூட்டமும் சேர்ந்து சிரித்தது. ஒன்பது வயது மகள் வைஷுவுக்கு எதற்கென்று புரியாவிட்டாலும் அவளும் சிரித்து வைத்தாள்.

சியாமளா உள்ளங்கையை முகர்ந்தாள். நாள்பட்ட சேற்றின் வாடை. அந்தக் கை எப்படி இருந்தது என்று இப்போது நினைவு வந்தது. குளிர்ச்சியாக, வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் விரல் நுனியெல்லாம் சுருங்கி இருந்தது. புனேயில், பாணேர் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு வந்து டெட்டால் போட்டுக் கழுவினாள். வாடை போக நாலு நாள் ஆயிற்று.

டிசம்பரில் மனோஜ் மறுபடி கிளப்பினான். "மழையில்லாதப்ப பாத்தா உன் பயம் தெளிஞ்சிரும் சியாமி."

புல்லெல்லாம் பழுத்திருந்தது. அருவி நூலாக இளைத்திருந்தது. ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான், சங்கிலி தேவைப்படவில்லை. சியாமளா இரண்டு கைகளையும் ஜெர்க்கின் பைகளுக்குள் விட்டுக்கொண்டு கல் கல்லாகத் தாண்டினாள். பாதி ஓடையில், இடது பைக்குள், அவள் விரல்களுக்கு நடுவே ஐந்து விரல்கள் நுழைந்தன. சுருங்கிய நுனிகள். கையை உருவினாள். பையைக் கவிழ்த்தபோது தண்ணீர் கொட்டியது.

மே மாதம் போனபோது ஓடையே இல்லை. சுடுகிற பாறை, சிப்ஸ் உறைகள், ஒற்றைச் செருப்பு. தன் கையைத் தொட எதுவும் வராததில் சியாமளாவுக்கு நிம்மதி. பிறகு வைஷுவைப் பார்த்தாள். வறண்ட ஓடையில் அவள் ஒரு கையைப் பின்னால் நீட்டியபடி, யாரையோ அழைத்துக்கொண்டு வருவதுபோல் நடந்து வந்தாள்.

"யார் கையடி பிடிச்சிருக்க?"

"கோயி நஹீம்மா. யாருமில்ல. கேம்."

அந்தப் பிஞ்சு உள்ளங்கையைப் பிடுங்கிப் பார்த்தாள். சொட்டச் சொட்ட ஈரம்.

அடுத்த ஜூலையில் சியாமளா அழுது பார்த்தாள், சண்டை போட்டாள். "வைஷுகிட்ட ப்ராமிஸ் பண்ணிட்டேன். நீ வரலைன்னா விடு, நாங்க ரெண்டு பேரும் போறோம்" என்றான் மனோஜ். அதனால் போனாள். மகளை நடுவில் விட்டு, தானே கடைசியாக நடப்பது என்று முடிவு செய்துகொண்டாள். அது பிடிப்பதானால் தன்னைப் பிடிக்கட்டும்.

காலையெல்லாம் வைஷு அருவிக் குட்டையை விட்டு ஏறவே இல்லை. "பாஞ்ச் மினிட்ம்மா! அஞ்சே நிமிஷம்!" உதடு நீலம் பாரித்த பிறகுதான் மஞ்சள் ரெயின்கோட்டை மாட்டிவிட முடிந்தது.

திரும்பும்போது மழை வலுத்து, நடுப்பகலே இருட்டிவிட்டது. முன்னால் மனோஜ், நடுவில் வைஷு, கடைசியில் சியாமளா. வலது கையில் மகள். இடது கையை மூடி மார்போடு இறுக்கியிருந்தாள்.

நடு ஓடையில் தண்ணீர் திடீரென்று இடுப்புக்கு ஏறியது. மனோஜின் பிடி நழுவியது. சியாமளா விழுந்தாள், சுழன்றாள், எழுந்தாள். கண்ணெல்லாம் சேற்றுத் தண்ணீர். எது முன், எது பின், தெரியவில்லை.

இரண்டு கைகளிலும் கைகள் இருந்தன.

இரண்டும் சின்னவை.

ஒன்று வெதுவெதுப்பாக, மெத்தென்று, அவளை நம்பிக் கிடந்தது. மற்றது சில்லிட்டிருந்தது. நகம் பதிய இறுக்கியது. நுனியெல்லாம் சுருங்கி இருந்தது.

தெரிந்துவிட்டது. ஒரு வருஷமாக அவளுக்குத் தெரிந்த கை அது.

உதறினாள். விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சுண்டு விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். "ம்மா" என்று ஏதோ கேட்டது. அருவி அதை விழுங்கிவிட்டது. கடைசி விரலும் கழன்றபோது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வெதுவெதுப்பான கையை இழுத்துக்கொண்டு கரையேறினாள். மனோஜ் பாறைமேல் நின்று ஓடை போகும் திசையைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தான். "வைஷு! வைஷு!"

"இங்கதாங்க இருக்கா" என்றாள் சியாமளா. சிரிப்பே வந்தது. "நான்தான் பிடிச்சிருக்கேன்ல."

தூரத்தில் மஞ்சள் ரெயின்கோட் ஒருமுறை புரண்டு, பாறை இடுக்கில் மறைந்தது. குளித்துக் குளித்துச் சுருங்கிப்போன குட்டி விரல்கள் ஒரு கணம் தண்ணீருக்கு மேலே விரிந்து நின்றன.

சியாமளா குனிந்து பார்த்தாள். அவள் பக்கத்தில் யாரும் இல்லை. உள்ளங்கைக்குள் அந்த மெத்தென்ற கை மட்டும் மெல்லக் குளிர்ந்தது. அதன் விரல் நுனிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கத் தொடங்கின.