ஏறி இறங்கும் இலை

பூங்காவில் அத்தனை பேரும் ஒற்றைக் காலில் நின்றபோது எந்த வம்பும் இல்லை. பேக்கரிக்காரர் மட்டும் தள்ளாடித் தள்ளாடி, பக்கத்திலிருந்த பஸ் டிரைவரின் தோளைப் பிடித்தார்.

"யோவ், என்னைப் பிடிக்காதீங்க! நானே எப்ப விழுவேனோன்னு நிக்கறேன்" என்றார் டிரைவர்.

எல்லாரும் சிரித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொடியனும் சிரித்தான். அவனுக்கு ஐந்து வயது. அவன் பக்கத்தில் அக்கா. அவளுக்குப் பத்து வயதுதான், ஆனால் பொடியன் பிறந்ததிலிருந்து அம்மாவுக்குக்கூட அவள் 'அக்கா'தான்.

வம்பு கடைசியில்தான் வந்தது.

"எல்லாரும் மல்லாந்து படுங்க. கண்ணை மூடுங்க. கை காலை ஆட்டாதீங்க" என்றார் யோகா டீச்சர்.

அவர்களோடு அம்மாவும் விரிப்பில் படுத்துக் கண்ணை மூடியதுதான் தாமதம். பொடியன் பெஞ்சிலிருந்து குதித்து ஓடினான். அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அம்மா! எழுந்திரும்மா! எழுந்திரு!"

அப்படி ஒரு கத்தல்! மரத்திலிருந்த காக்கைகளெல்லாம் பறந்துவிட்டன. நேற்றும் இதே கதை. முந்தாநாளும் இதே கதை.

"கொஞ்ச நேரம் நிம்மதியா படுக்க விடறாங்களா?" என்று தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் அம்மாள் முணுமுணுத்தார்.

அம்மா எழுந்து பொடியனை மடியில் போட்டுக்கொண்டாள். அவள் முகம் வாடிவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். உங்க எல்லாருக்கும் தொந்தரவு. நாளையிலேருந்து நான் வரலை."

அக்காவுக்குப் பகீரென்றது. அப்பா போனதிலிருந்து அம்மா சரியாகத் தூங்கியதே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பாள். டாக்டர் சொல்லித்தான் யோகாவுக்கு வந்தாள். இப்போதுதான் கொஞ்சம் தூங்குகிறாள், கொஞ்சம் சாப்பிடுகிறாள். இதையும் விட்டுவிட்டால்?

அன்று சாயங்காலம் அக்கா பொடியனை மாடிப்படியில் உட்கார வைத்தாள்.

"ஏண்டா, அம்மா சும்மாதானே படுக்கறா? எதுக்குடா அப்படிக் கத்தற?"

"அப்பாவும் சும்மாதான் படுத்தார்."

அப்பா போன நாள் அக்காவின் கண்முன் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சோபாவில் படுத்தார். பொடியன்தான் டிவி சத்தத்தைக் குறைத்தான். அப்பா தூங்கறார், யாரும் பேசக் கூடாது என்று வீட்டையே அதட்டினான். எல்லாரும் பூனைபோல நடந்தார்கள். அப்பா எழுந்திருக்கவே இல்லை.

"நான் அன்னிக்குக் கத்தியிருந்தா அப்பா எழுந்திருப்பார்ல, அக்கா?"

பாவம், இத்தனை நாளாக இதையா மனசில் வைத்துக்கொண்டிருந்தான்! அக்கா அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இல்லடா கண்ணா. அவருக்கு இதயம் நின்னுபோச்சு. யார் கத்தியிருந்தாலும் எழுந்திருக்க முடியாதுன்னு டாக்டரே சொன்னார். உன் மேல தப்பே இல்லடா."

பொடியன் மூக்கை உறிஞ்சினான். "சரி, அம்மா எழுந்திருப்பான்னு எப்படித் தெரியும்?"

அது அக்காவுக்குத் தெரியும். ராத்திரி விழிப்பு வந்தால் அவள் முதலில் பார்ப்பது அம்மாவின் போர்வையைத்தான். அது ஏறி இறங்கினால்தான் அவளுக்கு உயிரே வரும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. "இன்னிக்கு ஒரே ஒரு நாள் வாம்மா. அவன் கத்தினா நானே அவனைத் தூக்கிட்டு வந்துடறேன்" என்று கெஞ்சிக் கூத்தாடி அம்மாவைப் பூங்காவுக்கு அழைத்து வந்தாள்.

எல்லாரும் படுத்தார்கள். பொடியனின் உதடு துடிக்கத் தொடங்கியது. அக்கா அவன் கையைப் பிடித்து அம்மாவிடம் கூட்டிப் போனாள். கீழே கிடந்த இலை ஒன்றை எடுத்து, அம்மாவின் வயிற்றின்மேல் வைத்தாள்.

"இதையே பாரு. அம்மா மூச்சு இழுத்தா ஏறும், விட்டா இறங்கும்."

பொடியன் மண்டி போட்டு, மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தான்.

"ஏறுது" என்றான் மெதுவாக. "இறங்குது. அக்கா, மறுபடி ஏறுது!"

அவன் கத்தவில்லை. அம்மா கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் கண்ணீர் காதுவரை வழிந்தது.

கொஞ்ச நேரத்தில் பொடியனுக்குத் தைரியம் வந்துவிட்டது. கை நிறைய இலை பொறுக்கி, ஒவ்வொருவர் வயிற்றிலும் வைத்தான். பேக்கரிக்காரர் விட்ட குறட்டையில் அவருடைய இலை நழுவி விழுந்தது.

"மாமா ரொம்ப நல்லா இருக்கார்!" என்று அறிவித்தான்.

"எனக்கும் ஒண்ணு வையேண்டா" என்றார் தபால் ஆபீஸ் அம்மாள், கண்ணைத் திறக்காமலே.

கடைசியில் அவன் அக்காவிடம் வந்தான். "நீயும் படு."

"நான் எப்படிடா படுக்கறது? அம்மாவை யாராவது பாத்துக்கணும்ல? ராத்திரியும் நான்தானே பாக்கறேன்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா கண்ணைத் திறந்துவிட்டாள்.

"ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு என்னையா பாக்கற?"

அக்கா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகையெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா விரிப்பில் நகர்ந்து இடம் விட்டு, அவளை இழுத்துப் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

"என் தங்கமே! எனக்கு ஒண்ணும் ஆகலை. நான் நல்லா இருக்கேன். இனிமே பாத்துக்கறது என் வேலை. நீ தூங்கு."

யோகா முடிந்து எல்லாரும் விரிப்பைச் சுருட்டினார்கள். அக்கா மட்டும் எழவில்லை. அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை. அம்மா ஒரு பக்கமும் பொடியன் மறுபக்கமுமாக, வெயில் ஏறும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.