அந்தத் துண்டு நிலம் என்னுது!

செல்போன் அலறியது.

சிட்லபாக்கம். ஏரிக்கரை வாக்கிங்கை முடித்துவிட்டு மாடி வீட்டு பால்கனியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தனசிங் எடுத்தார். அறுபதைத் தாண்டிய தலையில் மை மினுமினுத்தது.

"சார், அட்வகேட் ஜோசலின் பேசறேன். வெஸ்ட் தாம்பரம். மலேசியாவுல, பேராக் பக்கம், உங்கப்பா எழுதி வெச்ச ரப்பர் தோட்டத்தை வித்தீங்க இல்ல?"

"வித்து அஞ்சு வருஷம் ஆச்சும்மா. அந்தப் பணத்துலதான் இந்த வீட்டையே கட்டினேன். இப்ப என்ன?"

"வாங்கினவருக்கு இங்க நான்தான் வக்கீல். தோட்டத்துக்குப் பின்னாடி ஒரு துண்டு நிலம்... நீங்க வித்ததுல அது வரல. யாருதுன்னே தெரியல, பத்திரமும் இல்ல. இப்ப அந்த வழியா ரோடு வருது. நஷ்ட ஈடு நல்லா கிடைக்கும்..."

தனசிங்கின் பல்லெல்லாம் தெரிந்தது.

"என்னுதும்மா!"

"ஒரு சிக்கல் சார். உங்க தம்பி சம்சாரம் தபீதாளும் உரிமை கேக்கறாங்க."

பல் மறைந்தது!

மறுநாள் காலை. வெஸ்ட் தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய கட்டடத்தில் ஜோசலினின் ஆபீஸ்.

தபீதாள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்கூல் டீச்சர். ஆறு வருஷத்துக்கு முன்னால் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போன அவள் கணவன் ஆரோன் திரும்பவே இல்லை. "தாய்லாந்துக்காரி ஒருத்தியோட ஓடிட்டான்!" என்று சர்ச் வாசலில் நின்று ஊருக்கே சொன்னவர் இதே தனசிங்தான்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பெயர். ஓடிப்போனவன் பெண்டாட்டி!

அவள் அதை ஒருநாளும் நம்பவில்லை. எந்த வாய் தன் புருஷன் பெயரைக் கெடுத்ததோ, அந்த வாயாலேயே இந்த ஆள் கெட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மூலையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மொபைலோடு உட்கார்ந்திருந்தார்.

"இவர் சூர்யநாராயணன். ரெண்டு பேரும் சொல்றதை வீடியோ எடுப்பார். ஆட்சேபனை இல்லையே?" என்றாள் ஜோசலின்.

"தாராளமா!" என்றார் தனசிங்.

தபீதாள் ஆரம்பித்தாள். "அந்த இடத்தை என் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கிட்டார். வேலி அவர் போட்டது. தென்னை அவர் வெச்சது. எனக்குப் பங்கு வேணும்."

தனசிங் நாற்காலியை விட்டுத் துள்ளினார்.

சும்மா இருப்பாரா? ஊரப்பாக்கம் பக்கம் புறம்போக்கில் நாலு தென்னையை வைத்து, வேலியைப் போட்டு, "அனுபவம் என்னுது" என்று கூச்சல் போட்டே ரெண்டு மனையை வளைத்த மனுஷன்! கடல் தாண்டியும் அதே வித்தை பலிக்கும் என்று நினைத்தார்.

"பொய்! அனுபவம் பூரா என்னுதும்மா! வேலி நான் போட்டேன். தென்னை நான் வெச்சேன். குழிக்குக்கூட ஆள் விடல... என் கையால வெட்டினேன்!"

"ஆரோன் உதவிக்கு...?"

"அவன் எங்க இருந்தான்? அவன் ஓடிப்போன வாரம்தான் வேலியே போட்டேன்! கேட்டுக்குப் பூட்டு. சாவி என் இடுப்புல. ஒரு ஈ காக்கா உள்ள போனதில்ல!"

"எல்லாத்தையும் வித்துட்டு, இதை மட்டும் ஏன் சார் விக்கல?"

தனசிங் தொண்டையைச் செருமினார்.

"அது... ஆசைக்கு ஒரு துண்டு இருக்கட்டுமேன்னு. அதை விட்டுட்டு அளங்கன்னு சர்வேயர்கிட்ட நான்தான் சொன்னேன்."

"அப்ப வேற யாருக்கும் அங்க சம்பந்தம் இல்ல?"

"கர்த்தர் சாட்சியா இல்ல!"

தபீதாள் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள்!

ஜோசலின் பேனாவை மூடினாள். "சார்... மலேசியா சட்டத்துல அனுபவ பாத்தியதையே கிடையாது. எத்தனை வருஷம் வேலி போட்டு வெச்சாலும் நிலம் உங்களுது ஆகாது."

"அப்புறம் எதுக்கும்மா இத்தனை கேள்வி?"

"அதை நான் சொல்றேன்." வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்தார். "இன்ஸ்பெக்டர் சூர்யநாராயணன். க்ரைம். மலேசியா போலீஸ் கேட்டுக்கிட்டதால வந்திருக்கேன்."

தனசிங் வாசல் பக்கம் பார்த்தார்.

"ரோடு வேலை போன மாசமே ஆரம்பிச்சாச்சு சார். உங்க தென்னையைப் பிடுங்கினாங்க. வேருக்குக் கீழ ஒரு எலும்புக்கூடு. கால் எலும்புல ஸ்டீல் பிளேட்..."

"பெருங்களத்தூர் சிக்னல்ல பைக்ல இருந்து விழுந்தப்போ அவருக்கு வெச்ச பிளேட்!" தபீதாளின் குரல் கிழிந்தது. "எந்தத் தாய்லாந்துக்காரியோட ஓடினாரு அத்தான்? சொல்லுங்க! அன்னைக்கு சர்ச் வாசல்ல சொன்னீங்களே, இப்ப சொல்லுங்க!"

"ஆரோன் தோட்டத்துல பாதி கேட்டாரு. அதானே காரணம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஐயோ... அந்த இடம் என்னுதே இல்ல சார்! நான் அந்தப் பக்கம் போனதே இல்ல!"

"வீடியோவுல வேற மாதிரி இல்ல சொல்லியிருக்கீங்க?"

தபீதாள் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"தோட்டத்துல எத்தனையோ பேர் வேலை செஞ்சாங்க. எவன் மேலயாவது பழியைப் போட்டுட்டுத் தப்பிச்சிருப்பீங்க. அதுக்குத்தான் நான் பங்குக்கு வந்தேன். எனக்கு அந்த மண்ணுல ஒரு பிடிகூட வேண்டாம். போட்டிக்கு ஆள் வந்தா நீங்க எல்லாத்தையும் உங்களுதுன்னு சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லிட்டீங்க... கொலையையும் சேர்த்து!"

தனசிங் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். அந்த நேரத்திலும் அவருக்குப் பயம் வேறு எதிலோ இருந்தது.

"என் சிட்லபாக்கம் வீடு... அது என்னாகும் சார்?"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"அதை விடுங்க சார். புழல்ல உங்களுக்கு ஒரு இடம் பார்த்தாச்சு. வில்லங்கமே கிடையாது... இன்னைக்கே குடி போகலாம்!"