சின்னதா, பெரிசா?

பதினொரு நாட்கள், மூன்று மணி, இருபது நிமிடங்கள்.

இராஜேந்திரன் கொல்லப்பட்டு அவ்வளவு நேரம் ஆகியிருந்தது.

இந்தக் கணக்கில் றொஜனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கொன்றவனே அவன்தான்!

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றரைக்குப் பிளேஸ்டோவில் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, அவன் கண்கள் முதலில் படிக்கட்டின் அடியைத்தான் பார்த்தன. அங்கே கார்பெட்டை வெட்டி எடுத்திருந்தார்கள். வெறும் பலகை தெரிந்தது. பலகையிலும் ஒரு கறை...

சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தான். கையில் பத்துக் கிலோ பாசுமதி அரிசிப் பை.

பைக்குள் அரிசி இல்லை.

"வாங்கோ அண்ணை. தேத்தண்ணி போடுறன்."

சிவமலர். இராஜேந்திரனின் மனைவி. முப்பத்தெட்டு வயது. ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வேலை. குனிந்த தலை நிமிராதவள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் பேசுபவள். முந்தாநாள் அவளாகவே போன் பண்ணியிருந்தாள்.

'அவங்கள் திரும்பி வந்தால் நான் என்ன செய்யிறது, அண்ணை? எனக்கு ஒரு துவக்கு வேணும். உங்களுக்கு ஆக்களைத் தெரியுமெல்லோ.'

போனை வைத்துவிட்டு றொஜன் நெடுநேரம் சிரித்தான். இராஜேந்திரனோடு ஒரே குடோனில் ஆறு வருடம் வேலை செய்தவன், அந்த வீட்டில் வாரம் ஒரு தடவை சாப்பிட்டவன். அவனுக்குத் தேவை ஒன்றே ஒன்று. சிவமலரின் எழுபது பவுன் சீதன நகை.

துவக்கை யாரும் சும்மா ஒரு மூலையில் வைப்பதில்லை. எதைக் காக்க வேண்டுமோ, அதன் பக்கத்தில் வைப்பார்கள்.

அந்த இடம் தெரிந்தால் போதும். பிறகு அவளும் தேவையில்லை!

கொலை நடந்த அன்று வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு பத்து. வெள்ளி மத்தியானப் பூசைக்குச் சிவமலர் மனோர் பார்க் முருகன் கோயிலில் நிற்பாள் என்பது நியூஹாம் தமிழரில் பாதிப் பேருக்குத் தெரியும். முகமூடியோடு போனான். கையில் இரும்புக் கம்பி.

"நகை எங்கை?"

"தெரியாது."

முதல் அடியில் தோள் எலும்பு முறிந்தது.

"தெரியாது... சத்தியமாத் தெரியாது..."

இரண்டாவது அடி முழங்காலில். மூன்றாவது வாயில். இராஜேந்திரன் படியடியில் சுருண்டு விழுந்து, முகமூடிக்குள் தெரிந்த கண்களை உற்றுப் பார்த்தான்.

"றொஜன்... நீயோடா?"

அதுதான் அவன் செய்த பிழை. அதற்குப் பிறகு கம்பி நிற்கவில்லை.

மாடிக்கு ஏற முதலே வாசல் கதவு தட்டப்பட்டது. பார்சல்காரன்! றொஜன் பின்கதவால் ஓடினான்.

பின்னேரம் துக்கம் விசாரிக்க வந்த முதல் ஆளும் அவனே. "பாவம், அவ கோயிலிலை நிண்டவ," என்று பொலிசுக்குச் சொன்னதும் அவனே. சிவமலர் தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போது அதே வீட்டில், சாப்பாட்டு மேசையில், அரிசிப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான்.

இரண்டு துவக்குகள்.

"வடிவாப் பாரும். இது ரிவோல்வர். சின்னது. அஞ்சு குண்டு. விசையை இழுத்தால் வெடிக்கும், அவ்வளவுதான். கைப்பைக்குள்ளையும் கிடக்கும்."

"மற்றது?"

"பிஸ்டல். பதினைஞ்சு குண்டு. ஆனால் மேலை இருக்கிற இந்தப் பாகத்தைப் பின்னாலை இழுத்து விட்டால்தான் முதல் குண்டு ஏறும். ரெண்டு கையும் வேணும். பதட்டத்திலை பிழையா இழுத்தால் இடையிலை இறுகிப் போகும். உமக்குச் சின்னதுதான் சரி."

சிவமலர் தேத்தண்ணிக் கோப்பையை அவன் முன்னால் வைத்தாள்.

"சுடேக்கை சின்னதுக்கு உதைப்புக் கூடவெல்லோ, அண்ணை?"

"ஆர் சொன்னது?"

"நியூட்டன்."

"எந்த நியூட்டன்? ஈஸ்ட்ஹாம் கராஜ்காரனோ? அவனுக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும்?"

"அவரில்லை, அண்ணை. இது செத்துப்போன வெள்ளைக்காரன்."

எழும்பிக் குசினிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் மா நிறுக்கிற தராசு.

றொஜனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன மலர், கேக் அடிக்கப் போறீரோ?"

"பாரம் தெரிஞ்சால்தான் உதைப்புத் தெரியும். ரெண்டையும் நிறுப்பம். குண்டைப் போட்டுத் தாங்கோ. வெறுந்துவக்கை நிறுத்து என்ன பிரயோசனம்?"

இவள் ஒரு விசர். றொஜன் ரிவோல்வரின் உருளையைத் திறந்து ஐந்து குண்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டான். பிஸ்டலுக்குள் மேகசினைத் தள்ளினான்.

ரிவோல்வர் அறுநூற்று நாற்பது கிராம். பிஸ்டல் ஆயிரத்துப் பத்து.

சிவமலர் இரண்டையும் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு ரிவோல்வரைத் தூக்கி, மடியில் வைத்துப் பார்த்தாள். விரலை விசையில் வைக்கவில்லை.

"பெரிசு சுவருக்குள்ளாலை போகுமோ? பக்கத்து வீட்டிலை குழந்தை இருக்கு."

"இந்த வீட்டுச் சுவருக்குள்ளாலை தும்மினாலே போகும்."

"அப்ப சின்னது?"

"சின்னதும் போகும்தான். நீர் கிட்ட நிண்டு சுடும். தவறவிடாமல் சுட்டால் சுவருக்கு ஏன் பயம்?"

"சட்டம்?"

"பிடிபட்டால் அஞ்சு வருசம் உள்ளை. அதாலைதான் சொல்லுறன், இடத்தை யோசிச்சு வைக்கவேணும்." றொஜன் கதிரையை முன்னால் இழுத்தான். குரலில் தேன் வடிந்தது. "எங்கை வைக்கப்போறீர்? மேலையோ?"

"இன்னும் யோசிக்கேல்லை."

"நகை இருக்கிற இடத்திலை வையும். அவங்கள் அதுக்குத்தானே வருவாங்கள்."

"நகையோ?" சிவமலர் நிமிர்ந்தாள். "அது இந்த வீட்டிலை இல்லையே, அண்ணை."

றொஜனின் கையில் கோப்பை அப்படியே நின்றது.

"அப்ப?"

"பாங்க் லொக்கரிலை. சித்திரையிலேயே கொண்டுபோய் வைச்சிட்டன்."

"அது... இராஜேந்திரனுக்குத் தெரியுமோ?"

"இல்லை. அவருக்கு நான் சொல்லேல்லை. சொன்னால் வித்து ஒரு வான் வாங்குவம் எண்டு நிண்டிருப்பார்."

தெரியாது என்றானே...

சத்தியமாகத் தெரியாது என்றானே!

லொக்கரில் கிடந்த நகைக்காகவா ஒருவனைக் கூழாக்கினேன்? றொஜனின் வாய் தானாகத் திறந்தது.

"அப்ப அந்த நாய் உண்மையைத்தான் சொன்னவனோ? பல்லு உடையேக்கையும் தெரியாது, தெரியாது எண்டு..."

நிறுத்தினான்.

பிந்திவிட்டது.

வெளியே ஒரு பஸ் இரைந்துகொண்டு போனது. சிவமலர் அவனைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஆச்சரியம் இல்லை. துளியும் இல்லை!

இருவர் கண்களும் ஒரே நேரத்தில் மேசையில் கிடந்த பிஸ்டலுக்குத் தாவின.

றொஜனின் கை முந்தியது.

பிஸ்டலின் பிடியால் அவள் கன்னத்தில் ஓங்கி அடித்தான். சதை கிழிந்தது. பல் ஒன்று தெறித்துத் தராசில் விழுந்தது. கதிரையோடு பின்னால் சரிந்தவளின் விலாவில் உதைத்தான். அவள் மூச்சுத் திணறி மேசைக்கடியில் உருண்டாள்.

"சத்தம் போட்டாய் எண்டால் துண்டு துண்டாக்குவன். நாளைக்கு லொக்கருக்கு என்னோடை வாறாய். விளங்குதோ?"

மேசைக்கடியில் அவள் கை தரையைத் துழாவியது.

றொஜன் பிஸ்டலை இழுத்துவிட இடது கையைத் தூக்கினான். இரண்டு கையும் வேண்டும். அரை நொடி வேண்டும்.

டமார்!

மேசைக்கடியிலிருந்து வந்த ரிவோல்வர் குண்டு அவன் வலது முழங்காலைச் சிதறடித்தது. எலும்புத் துண்டுகள் சுவரில் ஒட்டின. அலறிக்கொண்டு சாய்ந்தான். இரண்டாவது குண்டு மேசைக் காலைப் பிளந்தது. மூன்றாவது அவன் வயிற்றுக்குள் போய் அங்கேயே தங்கிக்கொண்டது.

பக்கத்து வீட்டில் குழந்தை வீரிட்டு அழத் தொடங்கியது.

சிவமலர் மேசையைப் பிடித்து எழும்பினாள். பிஸ்டலைக் காலால் தள்ளிவிட்டாள். வாயிலிருந்த இரத்தத்தைக் கோப்பைக்குள் துப்பினாள். வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது.

"பாத்தீங்களே, அண்ணை? சின்னதுக்கு உதைப்புக் கூடத்தான்."

றொஜன் வயிற்றைப் பொத்திக்கொண்டு, கார்பெட் இல்லாத அந்தப் பலகைப் பக்கமாக ஊர்ந்தான். விரல்களுக்கிடையால் சூடாக வழிந்தது.

"அம்புலன்ஸ்... அம்புலன்சுக்கு அடி, மலர்..."

"அடிப்பன். இன்னும் ரெண்டு குண்டு மிச்சம் இருக்கு."

"உனக்கு... முதலே தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப ஏன்... பொலிசுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் உங்களுக்கு ஒரு இருபது வருசம் கிடைக்கும். மூண்டு நேரச் சாப்பாடு, ஹீட்டர், ஜிம். அவருக்கு நீங்கள் ஒரு வாய் தண்ணி குடுத்தனீங்களோ?"

றொஜன் பிஸ்டல் கிடந்த பக்கம் கையை நீட்டினான். எட்டவில்லை.

"துவக்கு ரெண்டும் நீங்கள் கொண்டு வந்தது. பையிலையும் உங்கடை கைரேகை, குண்டிலையும் உங்கடை கைரேகை. என்ரை பல்லும் அங்கை கிடக்கு. நகைக்கு வந்த கள்ளன் அடிச்சான், ஒண்டைப் பறிச்சுச் சுட்டன் எண்டு சொல்லுவன். நான் மெதுவாக் கதைக்கிற ஆள், அண்ணை. நான் சொன்னால் நம்புவாங்கள்."

முழங்காலிட்டு அவன் நெற்றிக்கு நேரே ரிவோல்வரைப் பிடித்தாள். இந்த முறை இரண்டு கையாலும்.

தூரத்தில் சைரன் கேட்டது.

"அவர் உங்கடை பேரைச் சொன்னவர்," என்றாள். "'றொஜன், நீயோடா' எண்டு கேட்டவர்."

சாகிற நேரத்திலும் றொஜனின் கண்கள் விரிந்தன. அதைச் சொன்னவன் செத்துவிட்டான். வீட்டில் வேறு யாரும் இல்லை. நாள் பார்த்து, நேரம் பார்த்து வந்தானே!

"நீ... கோயிலிலையெல்லோ நிண்டனீ? வெள்ளிக்கிழமையெல்லோ?"

"இல்லை. மேலை கட்டிலிலை, சுடுதண்ணிப் போத்தலோடை படுத்திருந்தனான்." சிவமலர் விசையில் விரலை வைத்தாள். "மாசத்திலை ஒரு வெள்ளி எங்களுக்குக் கோயில் லீவு. கலியாணம் கட்டியிருந்தால் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், அண்ணை."