ராஜமாதாவின் ஆசனம்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் சந்தில் கணுக்கால் வரை மழைத்தண்ணீர். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த ஹெப்சி கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் மோதியது. கரியும் முட்டையும் கலந்த வாடை. கரண்ட்டும் இல்லை.

"என்னங்க?"

"வந்திருக்காங்க ஹெப்சி," என்றார் கணவர் எட்மண்ட், இருட்டில் கட்டிலிலிருந்து. "நெஞ்சு மேலயே உட்கார்ந்த மாதிரி பாரமா இருக்கு."

கானா நாட்டுக் குமாசியில் வரலாறு கற்பித்துவிட்டு ஊர் திரும்பியபோது எட்மண்ட் கொண்டுவந்தது அந்தக் கறுத்த ஆசனம். ஒரே மரத்தில் குடைந்தது. நடுத்தண்டில் அவிழ்க்க முடியாத முடிச்சு ஒன்றைச் செதுக்கியிருந்தார்கள். அங்குள்ள அசாந்தி அரசகுலத்தில் ஒருவரின் உயிர் அவர் அமரும் ஆசனத்தில் குடியிருக்குமாம். இறந்தபின் அதில் கரியும் முட்டையும் பூசி இருட்டறையில் வைப்பார்களாம். இது ஒரு ராஜமாதாவுடையது என்று விற்றவன் சொல்லியிருந்தான். "எப்பவும் சாய்ச்சே வை. நிமிர்ந்து இருந்தா உட்கார வந்துடுவாங்க" என்று எட்மண்ட் படித்துப் படித்துச் சொன்னார்.

ஹெப்சி கேட்டாளா? ஜெபக்கூட்டத்துக்காக வீட்டைப் பெருக்கியவள், பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்று அதை நிமிர்த்தி வைத்தாள். அன்று படுத்தவர்தான். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். ஆசனத்தைச் சாய்த்தால், திரும்பிப் பார்ப்பதற்குள் நிமிர்ந்து நின்றது. தெருவில் கொண்டுபோய்ப் போட்டாலும் விடிந்ததும் உள்ளே இருந்தது. பாவி, என் புருஷனை நானே கொல்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கட்டிலில் மூச்சு இழுத்தது.

ஹெப்சி ஆசனத்தின் முன் மண்டியிட்டாள்.

"அம்மா, உங்க இடத்தை விலைக்கு வாங்கினது தப்புதான். உங்க கால்ல விழுறேன், எழுந்திருங்க. அவரை விட்டா எனக்கு யாருமே இல்லை."

மரம் முனகியது.

யாரோ எழுந்தார்கள்.

கனத்த தங்கக் காப்புகள் உரசும் ஓசை அவளைக் கடந்து மெல்ல வாசலுக்குப் போனது. திரைச்சீலை விலகியது. எட்மண்ட் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். ஹெப்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுதுகொண்டே ஆசனத்தைச் சாய்த்தாள். வாசலைப் பார்த்துக் கைகூப்பினாள். எந்த விருந்தாளியை வழியனுப்பினாலும் வாயில் தானாக வருகிற சொல், வந்துவிட்டது.

"போயிட்டு வாங்கம்மா."

எட்மண்ட் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "ஐயோ ஹெப்சி... 'வாங்க'ன்னா சொன்ன?"

வாசலில் காப்புகளின் ஓசை நின்றது.

பிறகு திரும்பி வரத் தொடங்கியது.

ஹெப்சி ஆசனத்தின்மேல் விழுந்து, நிமிரவிடாமல் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அது நிமிர்ந்தது. அவள் உள்ளங்கைக்குக் கீழே மரம் வெதுவெதுப்பாக இருந்தது.

கட்டிலிலிருந்து மூச்சுச் சத்தமே இல்லை.